காவிரிக் கரையில் ஒரு சங்கீத வாரம்

சங்கீதத்தில் மெய்யான பற்றுடையவர்களுக்கு மார்கழி மாதத்துச் சென்னை அளிக்கின்ற இன்பம் கொஞ்சமன்று. 1927-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு ஆண்டிலே தோன்றிய மியூசிக் அகாடமி முதலாக எத்தனையோ சபைகள் ஏககாலத்தில் கச்சேரிகள் நடத்த, காலையில் மயிலாப்பூர், பிற்பகலில் தியாகராய நகர், மாலையில் மறுபடியும் மயிலாப்பூர் என்று ரசிகன் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஆனால் அந்த அவசரத்திலே அவன் கேட்காமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தோடியும் பைரவியும் எந்த மண்ணில் ஊறின? இந்த வாத்தியங்கள் எந்தக் கைகளில் உருவாயின? இந்தக் கீர்த்தனங்கள் எந்தத் தெருவிலே, எந்தச் சந்நிதியிலே முதலில் ஒலித்தன? கச்சேரிகளெல்லாம் முடிந்து, ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி நெருங்கிவந்த ஒரு வாரத்தில், இந்தக் கேள்விகளுக்கு விடை காணவேண்டும் என்ற ஆசை மேலிட்டு, சோழ நாட்டுக்குப் பிரயாணமானேன்.

எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் வேளையில் தஞ்சாவூர் வந்துவிடுகிறது. காவிரிக்கு நீர் விடுகிற மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது நெடுநாளைய வழக்கம். ஆதலால் ஆராதனைக் காலத்தில் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பெரும்பாலும் நீர் ஓடிக்கொண்டிருக்கும். சம்பா நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிற வயல்களின்மேல் பனி கலையாத அந்த நேரத்தில் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதே மனத்தை ஒரு சுருதியில் சேர்த்துவிடுகிறது.

தஞ்சையில் நான் முதலில் தேடிச் சென்றது வீணை செய்கிறவர்களின் பட்டறையை. ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டில், இருபத்துநான்கு மெட்டுகளோடு நிலைபெற்றதாகக் கருதப்படும் வீணை, இன்றும் இந்த ஊரின் பெயராலேயே வழங்குகிறது. பலாமரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் யாளி முகமும் செதுக்குவது ஒரு கலை என்றால், அதற்கு மேளம் கட்டுவது, அதாவது மெழுகின்மேல் மெட்டுகளைப் பதிப்பது, அதனினும் நுண்ணிய கலை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்புப் போல் ஏற்றி, அதன் மீது வெண்கல மெட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார் முதியவர் ஒருவர். தந்தியை ஒருமுறை மீட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், கட்டைவிரல் நகத்தால் மெட்டை மயிரிழை அளவு மேலே தள்ளினார், மறுபடியும் மீட்டினார். அந்த ஒரு காந்தாரத்துக்காக அவர் செலவிட்ட நேரத்தைக் கண்டு நான் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, முகத்தை நிமிர்த்தாமலே, “கொஞ்சம் பொறுங்க ஐயா. கண்ணால பாத்து வச்சா மெட்டு நிக்கும், காதால கேட்டு வச்சாத்தான் வீணை பேசும்” என்றார். அவர் மேடை ஏறிப் பாடியவர் அல்லர். ஆயினும் ஸ்வரஸ்தான சுத்தம் என்று நாம் சபையில் உட்கார்ந்து சிலாகிக்கிற குணம் முதலில் அவருடைய காதில் பிறந்து, பிறகே வைணிகருடைய விரலுக்கு வருகிறது.

மேலராஜவீதியில் பங்காரு காமாட்சி அம்மன் கோயிலையும் தரிசித்தேன். சியாமா சாஸ்திரிகள் பூஜை செய்த சந்நிதி அது. அவர் 1827-இல் இந்தத் தஞ்சையிலேயே மறைந்தார். அந்தச் சந்நிதியின் இருளில் நின்றபோது, பேருக்கும் பணத்துக்கும் பாடாமல் தாயைக் கூப்பிடுகிற குழந்தையின் குரலாகவே அவருடைய கிருதிகள் அமைந்ததன் காரணம் எனக்கு விளங்கியது. எந்நேரமும் அம்பிகையின் அருகிலேயே நின்று பணிசெய்தவருக்கு அவளோடு பேசுவதற்கு வேறு பாஷை தேவைப்படவில்லை.

தஞ்சையிலிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டி, ஐந்தாவது ஆற்றின் அக்கரையில் இறங்கினால் ஊர் வந்துவிடுகிறது. ஆராதனைக்கென்று காவிரிக் கரையில் போட்டிருந்த பந்தலில், மாலையில் நான் போய்ச் சேர்ந்தபோது மணல் தெரியாமல் ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். இரண்டு மேடைகளை அருகருகே அமைத்து, ஒன்றில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராவது இங்குள்ள ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சொற்ப நேரமே. சென்னையிலே மூன்று மணி நேரம் விஸ்தாரமாகப் பாடுகிற வித்வானும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், வெளிநாட்டிலிருந்து வந்த சிஷ்யையும் ஒருவர்பின் ஒருவராக வந்து, ஸ்வாமிகளின் கிருதி ஒன்றையோ இரண்டையோ பாடி வணங்கிவிட்டு இறங்குகிறார்கள். அங்கே இன்னார் உயர்ந்தவர் என்ற வரிசை இல்லை. பாடுகிறவர்கள் நம்மைப் பார்த்துப் பாடுவதில்லை. ஸ்வாமிகளின் சமாதி இருக்கும் திக்கை நினைத்துப் பாடுகிறார்கள். ஆதலால் கேட்கிற நமக்கும் விமரிசனம் செய்யும் புத்தி தானாகவே அடங்கிவிடுகிறது.

மறுநாள் காலையில் ஐயாறப்பர் கோயிலுக்குப் போனேன். ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது பாடல் பெற்ற ஊர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். அப்பர் பெருமான் கயிலைக் காட்சி கண்ட தலம். உட்பிராகாரத்தில் ஓதுவார் ஒருவர் தாளமிட்டுத் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு இறைவனும் இரண்டொரு பக்தர்களுமே இருந்தார்கள். கோயிலின் மூலையொன்றில் நின்று ‘ஐயாறா’ என்று குரல் கொடுத்தால் அது பன்முறை எதிரொலிக்கும் என்று சொல்வார்கள். நான் குரல் கொடுத்தபோது மதிலும் கோபுரமும் வாங்கி வாங்கித் திருப்பித் தந்த அந்த ஒலியில் எனக்கு ஒரு தொடர்ச்சி புலப்பட்டது. முதல் திருமுறை தொடங்குகிற பண் நட்டபாடை. அதை இன்று ஓதுவார்கள் கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். ஸ்வாமிகளின் ஐந்து கீர்த்தனங்களான பஞ்சரத்னத்தின் முதல் கீர்த்தனமும் நாட்டை ராகத்திலே அமைந்தது. தமிழில் பாடிய அடியாரும் தெலுங்கில் பாடிய அடியாரும் ஒரே நாதக் குடும்பத்து ராகத்தில் தொடங்கியிருப்பதை இந்த ஊரில் நின்று நினைக்கும்போது, பாஷை வேறுபாட்டைக் கொண்டு சங்கீதத்தைக் கூறுபோடுவது எவ்வளவு அற்பமான காரியம் என்பது தெளிவாகிவிடுகிறது.

சமாதியின் சரித்திரம் ஒவ்வொரு ரசிகனும் அறிந்திருக்கவேண்டியது. 1767-இல் திருவாரூரில் பிறந்த ஸ்வாமிகள், 1847 ஜனவரி 6-ஆம் நாள், பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் சித்தியடைந்தார். அதன் பிறகு சமாதி சீரழிந்து, புதர் மண்டிக் கிடந்தது. அவருடைய சிஷ்யர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் முதிர்ந்த வயதில் வந்து பார்த்து மனம் வருந்தி அதைச் செப்பனிட்டார்கள். பின்னர் ஆராதனை நடத்துவதற்குப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கட்சிகள் தோன்றின. இரண்டிலும் பெண்கள் பாடுவதற்கு இடம் இல்லை. இந்த நிலையில், தம் குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பாவின் கடிதம் மூலம் சமாதியின் அவலத்தை அறிந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், தம்முடைய செல்வத்தையெல்லாம் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். அதற்குக் கும்பாபிஷேகமும் நடந்தது. தாம் கட்டிய கோயிலிலே தாமே பாட இயலாத அநீதியைப் பொறுக்காமல், பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை தொடங்கினார். 1941-இல் கட்சிகள் எல்லாம் ஒன்றுபட்டு, ஆண்களும் பெண்களும் கூடிப் பாடும் முறை ஏற்பட்டது. 1952-இல் அவர் மறைந்தபோது அந்தச் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் எழுப்பினார்கள். இன்றும் அவருடைய சிலை, கைகூப்பிய வண்ணம் ஸ்வாமிகளின் சந்நிதியை நோக்கி அமர்ந்திருக்கிறது. சமாதிக்குச் செல்வோர் அந்தச் சிலையின் முன்னும் ஒரு கணம் நின்று வணங்கவேண்டும். நாம் உட்காரும் இடத்தை நமக்குத் தேடித்தந்தவர் அவர்தாம்.

பஞ்சமியன்று விடியற்காலையில் திருமஞ்சன வீதியில் ஸ்வாமிகள் வாழ்ந்த இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டது. தம்பூராவும் சிப்ளாவும் ஏந்திய பாகவதர்கள் முன்னே செல்ல, தெருவிலுள்ளவர்கள் வாசலில் கோலமிட்டு நின்று அரிசி இட, ஊர்வலம் சமாதியை அடைந்தது. பந்தலுக்குள் சந்நிதி வரையிலும் வழி விட்டு, ஒரு புறம் பாடகர்களும் மறுபுறம் பாடகிகளும் எதிரெதிராக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கண்டு வியந்த வித்வான்களின் தோளோடு தோள் உரச, பெயர் அறியாத கிராமத்துப் பாட்டு வாத்தியார்கள் நோட்டுப் புத்தகமும் கையுமாக அமர்ந்திருந்தார்கள். நாகஸ்வர மங்கள இசை முடிந்து, புல்லாங்குழலில் பைரவி கிருதி எழுந்தபோது அத்தனை பெரிய கூட்டமும் ஓசையின்றி அடங்கியது. உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது.

பிறகு நாட்டை எழுந்தது. ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகத் திறக்கும்போது உண்டாகும் அந்த முதல் ஒலியைக் காதால் கேட்டேன் என்று சொல்வது போதாது. உட்கார்ந்திருந்த மணலே அதிர்ந்தது. ஐந்து கீர்த்தனங்களும் ஆதி தாளத்தில் அமைந்தவை ஆதலால், பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் கைகள் ஒரே சமயத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. நாட்டையில் இராமபிரானைப் போற்றிய உள்ளம், கௌளையில் தன் குற்றங்களையெல்லாம் எண்ணி இரங்கி, ஆரபியில் கண்ணனோடு உரிமையோடு வாதாடி, வராளியில் இராமனின் திருமேனி அழகில் மூழ்கி, ஸ்ரீராகத்தில் உலகத்து மகான்கள் யாவரையும் வணங்கி நிறைகிறது. வராளியைக் குரு நேருக்கு நேர் சிஷ்யனுக்குக் கற்பித்தல் ஆகாது என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. அதனால் அந்த நான்காவது ரத்னத்தைக் கச்சேரிகளில் அரிதாகவே கேட்கிறோம். ஆனால் அங்கே எல்லோரும் அதைப் பாடினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த மூதாட்டி ஒருவர் புத்தகத்தைப் பிரிக்காமலே சரணம் சரணமாகப் பாடிக்கொண்டு வந்தார்.

இந்தக் கோஷ்டி கானத்தில் சுருதி பிசகுவதும் தாளம் முந்துவதும் உண்டு என்று குறைகூறுவோர் இருக்கிறார்கள். சங்கீத இலக்கணப்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கச்சேரிக்கும் ஆராதனைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கச்சேரியில் பாடகர் தம் வித்வத்தைக் காட்டுகிறார். ஆராதனையில் அவர் அதைச் சந்நிதியில் வைத்துவிடுகிறார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற பெரியோர், பஞ்சரத்னங்களை எல்லோரும் கூடிப் பாடுவதென்ற மரபை வகுத்தது, எவ்வளவு நன்றாகப் பாடுகிறோம் என்று காட்டுவதற்காக அன்று. பாடத் தெரிந்தவர்கள் அனைவரும் ஒரு நாளேனும் ஒரே குரலாக வேண்டும் என்பதற்காகவே.

பஞ்சமி முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நான் கும்பகோணம் சாலையில் கிழக்கே புறப்பட்டேன். பஸ்ஸின் ஜன்னல் வழியே ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தால், அது ஒரு சங்கீத அட்டவணையாகவே தோன்றுகிறது. உமையாள்புரம், பாபநாசம், செம்மங்குடி, பந்தநல்லூர், திருவிடைமருதூர் என்று இந்த மண்ணின் ஊர்கள் எல்லாம் யாரோ ஒரு மேதையின் பெயருக்கு முன்னால் நின்று நமக்குப் பழக்கமானவை.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில், ஆடுதுறையைக் கடந்ததும் வருகிற நரசிங்கம்பேட்டை, நாகஸ்வரம் பிறக்கும் ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சாமரத்து உத்தரங்களைத் தேடி வாங்கிவந்து, பல்லாண்டுகள் காய்ந்து முறுகிய அந்த மரத்தைக் கடைந்தே குழல் செய்கிறார்கள். புது மரத்தில் நாதம் நிற்பதில்லை. நான் பார்த்த பட்டறையில், கடைசலில் சுழன்ற கட்டையின்மீது உளி பட்டவுடன் கருஞ்சிவப்புச் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. உள்துளையை நீண்ட துரப்பணத்தால் குடைந்து, வாய்ப்புறம் குறுகியும் அடிப்புறம் விரிந்தும் வரும்படி சிறிது சிறிதாக அகலப்படுத்தினார்கள். ஏழு விரல் துளைகளும், கீழே பிரமசுரத் துளைகள் ஐந்தும் இட்டு, அணைசு பொருத்தியதும் அது வாத்தியமாகிறது. சுருதி உயர்ந்த திமிரியே வழக்கில் இருந்த காலத்தில், சுத்த மத்தியமம் சரிவர ஒலிக்கும்படியான பாரி நாகஸ்வரத்தை இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி உருவாக்கி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் கையில் கொடுத்த பிறகே, தோடியின் முழு கம்பீரமும் நாகஸ்வரத்தில் வெளிப்பட்டது. ராஜரத்தினம் பிள்ளையை உலகம் அறியும். அவருடைய நாதத்துக்கு உடல் செய்து கொடுத்தவரை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்?

அங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள திருவாவடுதுறையில், நாகஸ்வரத்தின் வாயில் பொருத்தி ஊதுகிற சீவாளியைச் செய்கிறார்கள். ஆற்றங்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை அறுத்து, காயவைத்து, வேகவைத்துப் பதப்படுத்தி, மடித்து, நூலால் கட்டி, கெண்டையில் செருகுகிற இந்தச் சின்னஞ்சிறு பொருள் இல்லையென்றால் அத்தனை பெரிய நாகஸ்வரமும் வெறும் மரமே. ஒரு சீவாளி சில நாள் நன்றாகப் பேசும், பிறகு தேய்ந்துவிடும். மறுபடியும் புதிது வேண்டும். நாகஸ்வர இசைக்குக் கேட்பார் குறைந்தால் முதலில் குறைவது இந்தத் தொழிலாளியின் உலைதான். கல்யாண வீட்டிலே நாகஸ்வரம் ஒலிக்கும்போது நாம் உரக்கப் பேசிக்கொண்டிருப்பதற்கும், இந்தக் கைத்தொழிலைப் பிள்ளைகள் கற்க முன்வராததற்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது.

பிரயாணத்தின் இறுதியில் மயிலாடுதுறையிலிருந்து ரயிலேறி, பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் கடந்து திருவாரூர் சேர்ந்தேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று பழமொழியிலே ஏறிய ஊர் இது. 1762-இல் சியாமா சாஸ்திரிகளும், 1767-இல் தியாகராஜ ஸ்வாமிகளும், 1775-இல் முத்துஸ்வாமி தீக்ஷிதரும், பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வூரின் தெருக்களிலேயே தோன்றினார்கள். அவர்கள் பிறந்த இல்லங்கள் நினைவிடங்களாக விளங்குகின்றன. இது எப்படி நேர்ந்தது என்று வியப்பவர்கள், திருவாரூர்க் கோயிலின் சாயரட்சையை ஒருமுறை தரிசிக்கவேண்டும்.

நான் சென்ற மாலையில் சந்நிதி வாயிலில் பஞ்சமுக வாத்தியம் வைத்திருந்தது. நடுவே பெரிய முகமும் சுற்றிலும் நான்கு சிறிய முகங்களுமாக வெண்கலத்தில் வார்த்த அந்த வாத்தியத்தின் ஐந்து முகங்களும் சிவபெருமானின் ஐந்து முகங்களைக் குறிப்பவை. ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு நாதம். இறைவனாகிய தியாகேசர் அஜபா நடனம் ஆடுகிறார் என்ற நம்பிக்கை எந்தக் கோயிலின் உயிராக இருக்கிறதோ, அந்தக் கோயிலில் லயமும் நாதமும் தினசரி வழிபாட்டின் அங்கங்கள். அத்தகைய ஊரில் சங்கீத மேதைகள் தோன்றியதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ஆறு வேளையும் நாதம் கேட்டு வளர்ந்த தெருக்கள் அவை. பிறகு கமலாம்பாள் சந்நிதிக்குச் சென்றேன். அந்த அம்பிகையின்மீது தீக்ஷிதர் பாடிய நவாவரண கீர்த்தனங்கள், தோடியில் தியானமாகத் தொடங்கி ஸ்ரீராகத்தில் மங்களமாக முடிகின்றன. திருவையாற்றில் பஞ்சரத்னம் முடிந்ததும் அதே ஸ்ரீராகத்தில்தான். ஒரே ஊரில் பிறந்த இருவரும் தங்கள் மகத்தான படைப்புகளை நிறைவு செய்வதற்கு ஒரே மங்கள ராகத்தைத் தேர்ந்ததை எண்ணியவாறு அந்தப் பிராகாரத்தை வலம் வந்தது, இந்த வாரத்தில் கேட்ட எல்லாக் கச்சேரிகளுக்கும் ஈடான அனுபவம்.

ஒரு வாரத்தில் இத்தனை ஊர்களைச் சுற்றியதில் உடல் களைத்தது உண்மை. ஆனால் கேட்கும் முறையில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. மேடையில் ஒருவர் பாடும்போது அது அவர் ஒருவருடைய வித்தை என்று இனி என்னால் எண்ண முடியாது. காதால் மெட்டு வைக்கும் தஞ்சைப் பெரியவரும், ஆச்சாமரம் கடையும் ஆசாரியும், கொறுக்கை அறுப்பவரும், கேட்பாரின்றிப் பாடும் ஓதுவாரும், தம் செல்வத்தைச் செலவிட்டுச் சமாதியில் கோயில் எழுப்பிய அம்மையாரும் சேர்ந்து காப்பாற்றிய செல்வத்தைத்தான் அவர் நம் முன் வைக்கிறார். அந்தக் கடமையில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. டிக்கெட் வாங்குவதோடு அது தீர்ந்துவிடாது.

ஆதலால் சங்கீத அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது: ஆராதனைக்குத் திருவையாறு செல்கிறவர்கள், பஞ்சரத்னம் முடிந்தவுடனே திரும்பிவிடாமல், இன்னும் இரண்டு நாள் ஒதுக்கிவையுங்கள். ஒரு பொழுதை நரசிங்கம்பேட்டைப் பட்டறையில் செலவிடுங்கள். ஒரு மாலை திருவாரூர்ச் சாயரட்சையில் நில்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு, எந்தக் கோயிலில் ஓதுவார் பாடினாலும், எந்தக் கல்யாணத்தில் நாகஸ்வரம் ஒலித்தாலும், அது முடியும் வரையில் உட்கார்ந்து கேளுங்கள்.